பிரிவுபசாரம்: உபசாரமற்ற சில சொற்கள்

தமிழில் 'உபசாரம்' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வீடு தேடி வந்தவரை இருக்கச் செய்து, நீர் தந்து, உண்ணச் செய்து பேணுவது ஒன்று. 'சும்மா உபசாரத்துக்குச் சொன்னேன்' என்கிறோமே, அது மற்றொன்று. அங்கே அதன் பொருள், நெஞ்சில் இல்லாததை நாவால் சொல்லுதல். ஆண்டுதோறும் தைப்பொங்கல் கழிந்து பொதுத்தேர்வு தொடங்குமுன் தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு நடத்தப்பெறும் பிரிவுபசார விழா, முதற்பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளில் போய் முடிந்துவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு. இதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம். சிலருக்குச் சினம் எழலாம். எழட்டும்.

கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்போர் என்ற ஒரே தகுதியால் இவ்விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படும் பேறு நமக்கு வாய்த்துவருகிறது. எனவே இவற்றின் நிகழ்நிரல் நமக்கு மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு. வரவேற்புரை. தாளாளர் அல்லது தலைமையாசிரியரின் தலைமையுரை. அதில் 'நாம் ஒரு குடும்பம்' என்ற தொடர் குறைந்தது மூன்று முறை இடம்பெறும். பிறகு மாணவர் இருவரின் 'மலரும் நினைவுகள்'. இவ்வுரைகள் ஒரு வாரம் முன்பே எழுதி வாங்கப்பட்டு, ஆசிரியர் ஒருவரால் சிவப்பு மையில் திருத்தப்பட்டு, ஒப்பித்துக் காட்டச் செய்யப்பட்டவை. பதினோராம் வகுப்பு மாணவர் பணம் திரட்டி வாங்கிய இலட்டும் மிக்சரும் குளிர்பானமும். மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி. இறுதியில் தேர்வு நுழைவுச்சீட்டைச் சரசுவதி படத்தின் முன்வைத்து எடுத்துத் தருவது. சில பள்ளிகளில் ஆளுக்கொரு பேனாவும் உண்டு. எல்லாம் நன்றே. ஆயினும் இரண்டு மணி நேரம் நிகழும் இவ்விழாவில் உண்மை என்று ஒன்று தப்பித்தவறிக்கூடப் பேசப்படுவதில்லை.

முதலில் இவ்வழக்கத்தின் வயதைக் குறித்துக்கொள்வோம். ஏதோ தொன்றுதொட்டு வருவது போலப் பேசுவோர் உளர். தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது 1978 இல். முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது 1980 இல். அதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும், பின்னர் 'புகுமுக வகுப்பு' என்று ஓராண்டு கல்லூரியிலேயே படிக்கவேண்டும். 1963 இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாடல் இன்றும் பள்ளி விழாக்களில் ஒலிபெருக்கியில் வருகிறது. ஆனால் அப்பாடல் படத்தில் பள்ளி மாணவர் பாடுவதன்று, கல்லூரி மாணவர் பாடுவது. அன்று படித்த கூட்டத்தின் பெரும்பிரிவு நிகழ்ந்த இடம் கல்லூரிதான். 1980க்குப் பிறகே அந்தக் கண்ணீர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு வழக்கம், அவ்வளவே. இத்தனை குறுகிய காலத்திற்குள் ஒரு வழக்கம் இவ்வளவு வெறுமையாகிவிட்டதென்றால் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

காரணத்தை விழா மேடையில் தேடாதீர்கள். பள்ளி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் தேடுங்கள். பள்ளி தன் மாணவனுக்குத் தரும் மெய்யான பிரிவுரை மேடையில் வாசிக்கப்படுவதில்லை. அது மாற்றுச் சான்றிதழில் எழுதப்படுகிறது. அந்தத் தாளை என்றேனும் ஊன்றிப் படித்திருக்கிறீர்களா? பெயர், பெற்றோர் பெயர், நாட்டினம், சமயம், சாதி, பிறந்த தேதி, எண்ணிலும் எழுத்திலும். பிறகு 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இனம்: வலது புறங்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. கடைசியில் 'நடத்தையும் பண்பும்' என்ற கட்டம். அதில் 'நன்று' என்று ஒரே சொல். அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் அங்கே வளர்ந்தவன். குரல் உடைந்ததும், மீசை அரும்பியதும், தந்தையை இழந்ததும், முதற்கவிதை எழுதியதும் அக்கட்டடத்திற்குள்தான். அத்தனைக்கும் பின் பள்ளி அவனைப்பற்றி நினைவில் வைத்திருப்பது இரண்டு மச்சமும் ஒரு 'நன்று'ம். தீயவனுக்கும் 'நன்று', நல்லவனுக்கும் 'நன்று'. இதைக் காட்டிலும் உபசாரமான சொல் தமிழில் உண்டா?

அந்தத் தாளையும் எளிதில் தந்துவிடுகிறார்களா? கட்டணப் பாக்கி என்று நிறுத்திவைத்த கதைகளைச் சேர்க்கைக் காலம் தோறும் கேட்டுவருகிறோம். முதலாண்டுச் சேர்க்கைக்கு வரும் பிள்ளையின் தாய் மேசைக்கு எதிரே நின்று, 'டி.சி. மட்டும் ஒரு வாரத்தில கொண்டாந்துடறோம் சார்' என்று தாழ்ந்த குரலில் சொல்லும்போது அந்த ஒரு வாரத்தின் பொருள் என்னவென்று இருவருக்கும் தெரியும். வட்டிக்கு வாங்கவேண்டும், அல்லது தோட்டை அடகு வைக்கவேண்டும். மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியன்று என 2024 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. 'நாம் ஒரு குடும்பம்' என்று மேடையில் முழங்கிய வாய்க்கு நீதிமன்றம் நினைவூட்டவேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். எந்தக் குடும்பத்தில் பிள்ளை வெளியூர் போகும்போது சோற்றுக் கணக்குப் பார்த்துப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வர்?

இனி, நாம் சொல்ல வந்த மையச் செய்திக்கு வருவோம். பிரிவுபசார நாளில் குழுப்படம் எடுப்பர். நடுவில் நாற்காலிகள், தாளாளர், தலைமையாசிரியர், ஆசிரியர்கள். பின்னால் விசிப்பலகைகளில் மாணவர். முன்னால் தரையில் சிலர். அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதைய வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் இருந்து படத்தில் இல்லாதவர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே போயினர்?

சிலர் தாமாகப் போயினர். குடும்பம் ஊர் மாறியது, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தனர், பாலிடெக்னிக் போயினர். அதில் குறையில்லை. சிலர் குடும்பச் சூழலால் போயினர். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், செங்கல் சூளைக்கும், பதினெட்டு நிறையுமுன்னே மணமேடைக்கும். இதற்குப் பள்ளியை மட்டும் நோவது முறையன்று. ஆனால் மூன்றாவது வகையினர் உளர். அவர்கள் அனுப்பப்பட்டவர்கள். 'உங்க பையனுக்கு இங்க சரிவராது, வேற ஸ்கூல் பாத்துக்குங்க' என்று பெற்றோரை வரவழைத்துச் சொல்லி, கையில் சான்றிதழைக் கொடுத்துப் போகச் செய்யப்பட்டவர்கள். இங்கே மட்டும் சான்றிதழ் கேளாமலே கிடைக்கும், பாக்கியும் தள்ளுபடியாகும்! ஒன்பதாம் வகுப்பில் அல்லது பதினொன்றில் இது நிகழும். இன்னும் சிலரை இறுதிவரை வகுப்பில் அமரவைத்து, 'நீ தனித்தேர்வராக எழுது' என்று கடைசியில் கழற்றிவிடுவர். அவன் அதே பாடத்தைப் படித்தவன், அதே விசிப்பலகையில் இருந்தவன். ஆனால் தேர்வெழுதும் நாளில் அவன் அப்பள்ளியின் மாணவன் அல்லன். எதற்காக? சதவீதத்திற்காக. மே மாதம் பேருந்து நிலையத்தில் கட்டப்போகும் பதாகையில் 100 என்ற எண்ணைப் பொறிப்பதற்காக.

2009 இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. அதன் பிறகு? ஒன்பதாம் வகுப்பின் வாயிலில் அந்தக் குடை மடக்கப்பட்டுவிடுகிறது. களையெடுப்பு பெரிதும் ஒன்பதில் தொடங்குவது தற்செயலன்று. ஆக, பிரிவுபசார விழா என்பது வகுப்பு முழுவதும் பிரியும் விழாவன்று. எஞ்சியவர் பிரியும் விழா. ஏற்கெனவே பிரிக்கப்பட்டவருக்கு விழா இல்லை, இலட்டு இல்லை, நினைவுரையில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களைப் பற்றி அவர்களோடு மூன்றாண்டு உண்டு விளையாடிய நண்பன் மேடையில் பேச எண்ணினாலும், அந்த வரி சிவப்பு மையில் அடிபடும்.

நாற்காலிகளைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளிகளில் பாட ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும்போது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தொகுப்பூதியத்திற்கு ஒருவரை அமர்த்துவர். வேதியியல் முழுவதையும் அந்த அம்மையார் நடத்தியிருப்பார். படம் எடுக்கும்போது அவர் ஓரமாக நிற்பார். துப்புரவுப் பணியாளரும் இரவுக் காவலரும் படத்தின் சட்டகத்திற்கு வெளியே. மாணவர்கள் இவர்களைக் கைபிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்திய ஒரு நிகழ்வையும் நாம் கண்டிருக்கிறோம். உபசாரமற்ற அன்பு பிள்ளைகளிடம் இருக்கிறது, விழாவில்தான் இல்லை.

விடுதியோடு கூடிய 'மதிப்பெண்' பள்ளிகளின் நிலை வேறு. நாமக்கல், இராசிபுரம் வட்டாரம் ஒரு காலத்தில் இவற்றிற்குப் பெயர்பெற்றிருந்தது. பின்னர் எல்லா மாவட்டங்களிலும் கிளைத்தது. அங்கே பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்தனர். இதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் அரசு பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-26 இல் அதனைக் கைவிட்டது. அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிவரை 'ஸ்டடி' அமர்ந்து, ஞாயிறு தோறும் தேர்வெழுதி, பக்கத்துக் கட்டிலில் படுத்தவனின் மதிப்பெண்ணை மட்டும் அறிந்து வெளியேறும் பிள்ளைக்குப் 'பள்ளிக்கால நினைவுகள்' என்று எதைச் சொல்லச் சொல்கிறீர்கள்? அவர்களில் சிலர் முதலாண்டில் நம் வகுப்பில் வந்து அமர்வதுண்டு. பள்ளி அனுபவம் குறித்து ஒரு பக்கம் எழுதுக என்றால் வெள்ளைத்தாளை வெறித்தபடி இருப்பர். ஒரு மாணவி எழுதியது இவ்வளவே: விடுதிச் சாளரத்திலிருந்து ஒரு தென்னை தெரியும், அதில் இரண்டாண்டில் ஏழு குலை தள்ளியது. அவ்வொரு வரியில் இருந்த உண்மை, நாம் கேட்ட நூறு 'மலரும் நினைவுகள்' உரைகளில் இல்லை.

மேடையில் தரப்படும் வாக்குறுதிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 'உழைத்தால் உயரலாம், மதிப்பெண் எடுத்தால் உலகம் உங்கள் காலடியில்' என்பது சிறப்பு விருந்தினரின் நிலையான சரக்கு. 2017 இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200க்கு 1176 எடுத்திருந்தார். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். அவ்வாண்டு மருத்துவச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படவில்லை. நீட் தேர்வே கொள்ளப்பட்டது. உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடிய அப்பெண் செப்டம்பர் 1 ஆம் நாள் உயிர்துறந்தார். நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கிற்குள் இங்கே நுழையவில்லை. பிரிவுரை ஆற்றுவோர் எந்த முகத்தோடு அதே வாக்குறுதியை மறுபிப்ரவரியில் மீண்டும் தந்தனர் என்பதே நம் வினா. மாணவர்க்கு வாக்குறுதி வேண்டாம். வெளியே உள்ள வழிகள் எவை, எங்கே அடைப்பு, யாரைக் கேட்கலாம் என்ற செய்தி வேண்டும். உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று பத்து நிமிடம் சொல்லும் எழுத்தர், வாழ்வின் பொருளை ஒரு மணி நேரம் விளக்கும் பேச்சாளரைவிடப் பெரியவர்.

விழாவே நடத்தாத பள்ளிகளும் உண்டு. 'ஒழுக்கக்கேடு வரும்' என்பது அவர்கள் கட்சி. கடைசித் தேர்வு நாளில் வாயிலில் காவலர் நிற்பர். மை தெளித்தல், சட்டையில் கையெழுத்திடல், வண்ணப்பொடி பூசல் ஆகியவற்றைத் தடுக்க. வினாத்தாளை மடித்து வெளியே வந்த பிள்ளையை 'நிக்காத, போ, போ' என்று விரட்டுவதே பள்ளியின் இறுதிச் சொல். வெள்ளைச் சட்டையில் நண்பர்கள் எழுதிய பெயர்களோடு வீட்டிற்குப் போகும் பையனைக் கண்டு அஞ்சும் நிறுவனம், அவனிடமிருந்து எதை மறைக்கிறது? அச்சட்டை இனி அவன் அணியப்போவதில்லை. அதில் எழுதப்பட்டிருப்பதோ பெயர்கள்தாமே! நினைத்துப்பார்க்கின், அவ்விழாக்காலத்தில் எழுதப்படும் ஒரே உண்மையான ஆவணம் அதுதான். அதை எவரும் சிவப்பு மையில் திருத்தவில்லை.

இன்னொரு கட்சி, 'பேர்வெல்' என்பதே வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கெதற்கு என்பது. சேலை கட்டி வரும் மாணவியரைக் குறைசொல்வோரும், 'மிஸ்டர், மிஸ்' என்று பட்டம் சூட்டும் கூத்தைக் கண்டு நொந்தோரும் இதில் வந்து சேர்வர். பட்டம் சூட்டும் கூத்து நமக்கும் உவப்பில்லை. விழா நடத்தித்தரும் நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி, ஏழைப்பிள்ளையை வராமல் வீட்டில் இருக்கச் செய்யும் பள்ளிகளும் உள்ளன. ஆனால் பிரிவைச் சொல்லால் போற்றுதல் நமக்கு அயலானது என்றால் அதை ஒப்பமாட்டோம். பிரிதலை ஒரு திணைக்கே உரிப்பொருளாக்கிய மொழி இது. தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவின் காரணங்களைச் சொல்லும்போது போரையும் தூதையும் பின்னால் வைத்து ஓதலை முதலில் வைத்தார். கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்பது போலக் கற்பியலில் ஒரு வரம்பும் உண்டு. (உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் காண்பதில் தம்முள் முட்டிக்கொள்வர். நம் இளங்கலைப் படிப்பும் மூன்றாண்டே என்று வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர்.)

திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் நான்காம் குறள், மகிழ்ந்து கூடுவதையும், இனி எப்போது காண்போம் என்று நினையுமாறு பிரிவதையும் கற்றோர் தொழில் என்கிறது. கூடுவது மட்டுமன்று, பிரிவதும் தொழில். தொழில் என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும். பன்னிரண்டாண்டுப் பாடத்திட்டத்தில் எங்கே அந்தப் பயிற்சி? நம் மாணவர்க்கு அலுவல் கடிதம் எழுதத் தெரியும், மின்விளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையர்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். ஏழாண்டு உடனிருந்தவனுக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் கை நடுங்கும். 1990களில் நாம் பள்ளி முடித்த காலத்தில் ஆட்டோகிராப் ஏடு என்று பலவண்ணத் தாள்களில் ஒன்று விற்கும். அதில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே ஆங்கில வாசகத்தை எழுதினர். எதுகைக்காகச் சேர்த்த ஏதோ ஒரு வரி, பொருள் தெரியாமலே. அதற்கடுத்து வந்த 'ஸ்லாம் புக்'கில் வினாக்களே அச்சாகியிருந்தன: பிடித்த நடிகர், பிடித்த நிறம், மறக்கமுடியாத நாள். இப்போது அதுவும் ஒழிந்து, அழும் முகத்தின் சிறுபடம் கைப்பேசியில் வருகிறது. தாய்மொழியில் பிரியக் கற்றுத்தராத தமிழ் வகுப்பு என்ன தமிழ் வகுப்பு? இக்குற்றம் நம் துறையினர் தலையில்தான் விழவேண்டும். ஆங்கிலத்தைத் திட்டிப் பயனில்லை.

கற்றுத்தர நம்மிடம் என்ன இருக்கிறது என்பீர்களாயின், புறநானூற்றில் கபிலர் பறம்பு மலையைப் பிரியும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறும் கபிலர் மலையை முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். மூடி திறந்த மதுச்சாடி, அடுபட்ட ஆட்டுக்கிடாய், குறையாது வந்த சோறு என்று பெயர்சொல்லி எண்ணுகிறார். அது நேற்று; இன்று அவன் இல்லை; ஆதலின் போகிறோம், வாழ்க என்று முடிக்கிறார். 'நீங்காத நினைவுகள்', 'பொன்னான நாட்கள்' என்ற பொதுச்சொல் ஒன்றும் அங்கே இல்லை. இருந்ததையும் இழந்ததையும் ஒருசேரச் சொல்கிறார். இல்லாதவனின் பெயரை மறைக்கவில்லை. இதனை மனப்பாடப் பகுதியாக்கி இரண்டு மதிப்பெண்ணுக்குத் தருவதை விடுத்து, 'நீ உன் பள்ளியைப் பிரியும்போது எவற்றை எண்ணுவாய்?' என்று கேட்டிருந்தால் போதும்.

பிரிவுபசாரமே இல்லாது போன ஓர் ஆண்டும் உண்டு. 2021 இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் அந்த ஆண்டில் பள்ளியை முகக்கவசத்தோடு சில வாரங்கள் மட்டுமே கண்டனர். சனவரி 19 ஆம் நாள் கதவு திறந்தது. இரண்டாம் அலை வந்தது. சூன் 5 ஆம் நாள் பொதுத்தேர்வே கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பாதியும், பதினொன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கும், செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து எஞ்சியதும் கொண்டு மதிப்பெண் கணக்கிட்டு, சூலை 19 ஆம் நாள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தனர். இவர்களைக் 'கொரோனா பாஸ்' என்று எள்ளியவர் வெளியார் மட்டுமல்லர். பேராசிரியர் அறைகளிலும் அவ்வெள்ளலைக் கேட்டோம். பதினைந்து வயதில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து பதினேழு வயதில் வழியனுப்பப்பட்டு, கையசைக்க ஒரு வாயில்கூட இல்லாமல் போனவர்கள் அவர்கள். அவர்களோடு மூன்றாண்டு பழகிய நாம் ஒன்று கண்டோம். கல்லூரியை விட்டுப் போகும்போது அவர்கள் விழாவை எதிர்பாராமல் ஒவ்வோர் அறையாகச் சென்று, ஆய்வக உதவியாளர் வரை, நின்று விடைபெற்றனர். பிரிவு மறுக்கப்பட்டவருக்கு அதன் விலை தெரிந்திருந்தது.

பள்ளி நினைவை விற்பவர்களையும் விடலாகாது. 2004 இல் சேரனின் 'ஆட்டோகிராப்', 2018 இல் '96' என்று அவ்வப்போது ஒரு படம் வந்து நாட்டையே உருகவைக்கும். அவை நல்ல படங்களே. அவற்றை அடுத்துப் பல ஊர்களிலும் முன்னாள் மாணவர் சந்திப்புகள் களைகட்டும். நிறம் ஒத்த சட்டை, மண்டபம், பிரியாணி, ஆசிரியர் காலில் விழுந்து ஆசி. வெளிநாட்டிலிருந்து வந்தவர் பேசுவார், வங்கி மேலாளர் பேசுவார். அதே வகுப்பில் படித்து அதே ஊரில் ஆட்டோ ஓட்டுபவரை வாகன ஏற்பாட்டிற்குத்தான் அழைத்திருப்பர். நினைவு என்பதும் தேர்ச்சி பெற்றோர்க்கே உரிய சொத்தாகிவிட்டது. இவ்வகையில் 2007 இல் தங்கர் பச்சான் எடுத்த 'பள்ளிக்கூடம்' விதிவிலக்கு. அதில் பழைய மாணவர் கூடுவது உருகுவதற்கன்று, தம் பள்ளி மூடப்படாமல் காப்பதற்கு. அது மற்ற இரண்டைப்போல் பேசப்படாதது வியப்பன்று.

'பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போகட்டுமே, இதில் இத்தனை கடுமை எதற்கு?' என்று கேட்கப்படும். சிரிக்கட்டும். ஆடட்டும். அழட்டும். நம் வழக்கு பிள்ளைகளோடு இல்லை. அவர்களின் கண்ணீர் மெய். அதைப் பொய்யான மேடைக்கு அலங்காரமாக்குவோரோடுதான் வழக்கு. 1880 இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு உ.வே. சாமிநாதையர்தான் வரவேண்டும் என்று நின்று பெற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அப்பிரிவால் சங்க இலக்கியப் பதிப்பிற்கு ஓர் ஆள் கிடைத்தார். பிரிவில் கைமாற்றித்தர ஏதேனும் ஒன்று இருக்கவேண்டும். பிளஸ் டூ மாணவர் பிளஸ் ஒன் மாணவர்க்குக் கைமாற்றித் தருவது என்ன? அடுத்த ஆண்டு இலட்டு வாங்கும் பொறுப்பு.

'விடை' என்னும் சொல்லுக்கு மறுமொழி என்றும் பொருள், போக இசைவு என்றும் பொருள். பன்னிரண்டாண்டு விடை எழுதியவரிடம் இறுதியில் ஒரு வினாவாவது அவர்கள் கேட்க விடுங்கள். எழுதி வாங்காத, திருத்தாத பேச்சு; தலைமையாசிரியர் கீழே அமர்ந்து கேட்பது. வேதியியல் நடத்திய அம்மையாருக்கு நடுவில் ஒரு நாற்காலி. மாற்றுச் சான்றிதழோடு, வகுப்பாசிரியர் தம் கையால் அம்மாணவனைப் பற்றி, அவனைப் பற்றி மட்டுமே, எழுதிய அரைப்பக்கக் கடிதம். மச்சம் இருந்த இடம் அன்று, அவன் இருந்த விதம். எல்லாவற்றிற்கும் முன்பாக, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து முதற்பெயர் தொடங்கிக் கடைசிப்பெயர் வரை வாசித்தல். இருப்பவர் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லட்டும். இல்லாதவர் பெயருக்குப் பின் நண்பன் எவனாவது, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்லட்டும்.

நேரமில்லை என்று தலைமையாசிரியர்கள் சொல்வர். ஐம்பது பெயர்களை வாசிக்கப் பத்து நிமிடம் ஆகும். அதனைச் சிறப்பு விருந்தினரின் உரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரங்கில் எவரும் குறைபட்டுக்கொள்ளப் போவதில்லை.